கம்ப்யூட்டருக்கு எழுதிய ஜாதகம்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்து, டயர் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் போகிற சந்தில் நுழைந்தால் நாலாவது வீடு தீனதயாளன் வீடு. முன்னறைதான் கடை. ‘கம்ப்யூட்டர் ஜாதகம், பத்துப் பொருத்தம், எண்கணிதம்’ என்று பலகை தொங்கும். ரிஷிவந்தியத்துத் தைலம்மாள் பெற்ற நாலில் இவர் கடைக்குட்டி. மூத்தவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அடுத்தவர் நிலத்தோடு நின்றுவிட்டார். அதற்கடுத்தது பெண், சங்கராபுரத்தில் கொடுத்தது. தீனதயாளனுக்கு மட்டும் மண்வெட்டியைத் தொட்டால் கை கொப்புளித்துவிடும், பேனாவைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆகவே தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் பின்னால் மனைவியாகப்போகிற அம்சவள்ளியின் அப்பா கண்ணில் பட்டார். அந்தப் பெரியவர் கையால் ஜாதகம் எழுதுகிறவர். கண் மங்கிக்கொண்டு வந்த நேரம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று மனு எழுதுகிறவனைப் பிடித்து மருமகனாக்கிக்கொண்டார். பெண்ணோடு பஞ்சாங்கமும் வந்து சேர்ந்தது.

ஜோசியம் மாமனார் கொடுத்தது. எண்கணிதமோ பஸ்ஸில் விற்ற ஒரு மெல்லிய புத்தகத்தைப் படித்துத் தானாகத் தேடிக்கொண்டது. மாமனார் கடைசிவரை அதை ஒப்பவில்லை. தீனதயாளன் அதைத்தான் உயிராக நம்பினார். எண்களில் எட்டு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. பஸ் நம்பரைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் ஏறமாட்டார். அப்படி மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, சங்கராபுரத்தில் சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிகிற நேரத்தில் போய் நின்றார். மோர் மட்டும்தான் மிச்சம்.

அதைவிடப் பெரிய கதை காசியம்மாள் மொபெட்டு. காசியம்மாள் இவருக்குப் பெரியப்பா மகள், நாலு வயது மூத்தவள். ரிஷிவந்தியம் பக்கத்தில் மூன்று காணி கரும்பு வைத்திருக்கிறாள். இருபது வருஷத்துக்கு முன்பு புத்தம் புதிதாக ஒரு மொபெட்டு வாங்கி, மாலை போட்டுத் தம்பியிடம் காட்ட ஓட்டிக்கொண்டு வந்தாள். தம்பி நம்பரைக் கூட்டினார். எட்டு. முகம் சுண்டிவிட்டது. “யக்கா, இது வூட்டு வாசல்ல நிக்கக்கூடாது” என்று ஒரே வார்த்தை. அவள் அந்த வாரமே பங்காளி கொளஞ்சியப்பனிடம் அதைத் தள்ளிவிட்டாள். இன்றைக்கும் கொளஞ்சியப்பன் அதில்தான் மூங்கில்துறைப்பட்டுக்குப் போகிறார், வருகிறார். ஒரு நாள் நடுவழியில் நின்றதாகப் பேச்சில்லை. காசியம்மாள் அந்த வண்டியின் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மாமனார் போன பிறகு, 2010 வாக்கில், தீனதயாளன் கம்ப்யூட்டர் வாங்கினார். உதிரி உதிரியாக வாங்கிக் கோத்த பெட்டி. கும்பகோணத்துப் பக்கம் ஒருவர் தானே எழுதி விற்ற ஜாதக புரோகிராமும் வாங்கினார். அந்தக் கும்பகோணத்துக்காரர் கெட்டி. ஒருவர் வாங்கி ஊருக்கெல்லாம் நகல் போட்டுக் கொடுத்துவிடக்கூடாது என்று, ஒரு பெட்டியில் மட்டும் திறக்கிற மாதிரி பூட்டு வைத்திருந்தார். போனில் பேசிக்கொண்டே திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறக்கச் சொன்னார். ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்கச் சொன்னார். வந்து விழுந்த வரிகளில் ‘பிசிக்கல் அட்ரஸ்’ என்று இருப்பதற்கு எதிரே பன்னிரண்டு எழுத்து இருக்கும், அதைப் படியுங்கள் என்றார். தீனதயாளன் படித்தார். அந்த எண்ணுக்குத்தான் சாவி செய்து அனுப்பினார் அவர். இன்டர்நெட் கம்பி சொருகுகிற கார்டுக்குப் பிறக்கும்போதே ஆலையில் கொடுத்த எண்ணாம் அது. உலகத்தில் ஒரு கார்டுக்கு உள்ளது இன்னொன்றுக்கு இருக்காதாம்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். தீனதயாளன் அந்தக் கம்ப்யூட்டருக்கே ஒரு ஜாதகம் போட்டார். முதல் தடவை சுவிட்சு போட்ட நேரம் பிறந்த நேரம். பிறந்த ஊர் கள்ளக்குறிச்சி. தகப்பன் பெயர் என்ற இடத்தில் பெட்டியைக் கோத்துக் கொடுத்த கடைக்காரர் பெயர். அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அதில் அந்தப் பன்னிரண்டு எழுத்தைப் போட்டார். அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். அப்போது அதைக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. எண்ணும் எழுத்தும் கலந்திருந்ததால் அதை ஒரு எண்ணாகவே அவர் நினைக்கவில்லை.

பதினாலு வருஷம் ஓடியது. நாலாபுறத்து ஊர்களின் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. பிறகு போன சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்குக் கோடைமழை வந்தது. மின்னல் ஒன்று கம்பி வழியாக உள்ளே வந்து கார்டைத் தின்றுவிட்டுப் போனது. சுவரில் இருந்த இன்டர்நெட் டப்பாவும் போச்சு. பெட்டி தப்பித்தது.

அம்சவள்ளியின் அண்ணன் மகன் இளஞ்செழியன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். மறுநாளே வந்து, கரிந்த கார்டைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றைச் சொருகினான். எல்லாம் வேலை செய்தது, ஜாதக புரோகிராம் தவிர. அதைத் தொட்டால் ‘இது பதிவு செய்த கணினி அல்ல’ என்று ஒரு வரி. அவ்வளவுதான், மூடிக்கொள்ளும். கும்பகோணத்து நம்பருக்குப் போன் போட்டார்கள். அவர் மகன் எடுத்தார். அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது, சாவி செய்கிற வித்தை அவரோடு போய்விட்டது என்றார்.

இதில் அவசரம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலை காசியம்மாள் வருவதாக இருந்தது. அவள் மகன் ராசு மரவள்ளி லோடு ஓட்டுகிறவன், கல்வராயன் மலைக்கு ஏறி இறங்குகிறவன். வெள்ளிமலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற சுபஸ்ரீயை அவனுக்குப் பிடித்துப்போனது. அவளுக்கும்தான். பெண்ணின் அம்மா ராஜாம்பாள் கச்சிராயபாளையத்தில் கூலிவேலை செய்து ஒற்றை ஆளாகப் பெண்ணைப் படிக்க வைத்தவள். காசியம்மாள் பணம் காசு பார்க்கிறவள் அல்ல, நகை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஜாதகம் பார்க்காமல் தாம்பூலம் மாற்றமாட்டாள். பெண்ணுக்குச் சரியான பிறந்த நேரம் வேண்டும், இல்லாவிட்டால் அத்தையூரில் வேறு ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். “நேரம் இல்லாத ஜாதகம் உப்பு இல்லாத கூழு. வாயில வெக்க முடியாது.”

சுபஸ்ரீ பிறந்த நேரம் எங்கே இருக்கிறது? அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ராஜாம்பாள் மலைமேல் மரவள்ளி பிடுங்கப் போன இடத்தில் இடுப்புவலி கண்டு, பஸ்ஸில் மலையிறங்கி வரும்போது மூன்றாவது வளைவில் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தக் கண்டக்டர் நல்ல மனுஷன். டிக்கெட்டின் முதுகில் தேதியும் நேரமும் எழுதித் தாயின் கையில் கொடுத்தார். பிள்ளையே பிறந்துவிட்ட பிறகு ஆஸ்பத்திரி எதற்கு என்று நேரே தாய்வீட்டில் இறக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் இஷ்டத்துக்கு ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுக்கொண்டார். அந்த டிக்கெட்டை ராஜாம்பாள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து தீனதயாளனிடம் ஒரு தடவை காட்டினாள். அவர் பார்த்து ஏற்றிவைத்தார். அப்புறம் அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கரையான் புகுந்து டிக்கெட்டைத் தின்றுவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் ராஜாம்பாள் வந்து சேதி கேட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கு நேரம் நினைவில்லையா என்று இளஞ்செழியன் கேட்டான்.

“ஆடி மாசம்பா. மூணாவது வளைவு. அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும்? வலியில கடியாரத்தயா பாத்துக்கினு கெடந்தேன்?”

அவள் போன பிறகு இளஞ்செழியன் ஒரு வழி சொன்னான். புதுக் கார்டுக்குப் பழைய கார்டின் எண்ணை நாமே கொடுக்கலாம். கம்ப்யூட்டரின் அமைப்புக்குள் போய்க் கார்டின் பெயரைத் திறந்தால், ‘அட்வான்ஸ்டு’ என்கிற பக்கத்தில் ‘நெட்வொர்க் அட்ரஸ்’ என்று ஒரு வரி இருக்கும். பக்கத்துக் காலிக் கட்டத்தில் பன்னிரண்டு எழுத்தையும் இடைவெளி விடாமல், கோடு போடாமல் அடித்தால் போதும். கார்டு அதைத்தான் தன் எண் என்று சொல்லும். புரோகிராம் நம்பிவிடும். வாங்கியது நாம், பூட்டும் நம்முடையது, நம் வீட்டுக்குள் நாம் போவதில் தப்பில்லை என்றான்.

தீனதயாளன் முதலில் புதுக் கார்டின் எண் என்ன என்று கேட்டார். கறுப்பு ஜன்னலைத் திறந்து காட்டினான். விரல்விட்டுக் கூட்டினார். ஆறு வந்தது.

“சுக்கிரன்டா செழியா. கல்யாண காரியத்துக்கு இத வுட ஒசத்தி கெடையாது. இதயே வெச்சிக்கலாமே.”

“வெச்சிக்கலாம் மாமா. ஜாதகம்தான் தெறக்காது.”

பழைய எண் வேண்டும். அது கார்டின் மேல் ஒட்டியிருக்கும். கார்டு எங்கே? இடி தின்ற பொருள் வீட்டுக்குள் ஆகாது என்று தீனதயாளன் சொன்னதால், அன்று காலையிலேயே அம்சவள்ளி அதைப் பழைய தகரத்தோடு சேர்த்துப் போட்டுப் பூண்டு வாங்கிவிட்டாள். பூண்டு குழம்பில் போய்விட்டது. சுவர் டப்பாவிலும் எண் பதிந்திருக்கும், ஆனால் அதுவும் கரிந்துவிட்டது. இளஞ்செழியன் தலையைச் சொறிந்தான். அம்சவள்ளிதான் சாமி படத்தைக் காட்டினாள்.

“அதுக்கு ஒரு ஜாதகம் எழுதி அவுரு பின்னாடி சொருவினீங்களே, அதுல இல்லியா?”

எடுத்தார்கள். பதினாலு ஆயுத பூஜைக்கும் அந்த உறையின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார் தீனதயாளன், ஒரே இடத்தில், கம்ப்யூட்டருக்கு நெற்றி அதுதான் என்கிற மாதிரி. பிளாஸ்டிக் அந்த இடத்தில் வெடித்து, சந்தனம் தாளுக்குள்ளேயே இறங்கிவிட்டது. மெல்லச் சுரண்டினால் தாளும் கூடவே வந்தது. முட்டை, முட்டை, ஒன்று, சி, இரண்டு, ஐந்து, ஒன்பது, பி. அதற்கப்புறம் ஒரு பொட்டு. பொட்டுக்கு அந்தப் பக்கம் நாலு, ஆறு, ஈ.

ஒரே ஒரு எழுத்துதான் போனது. அதற்கு இளஞ்செழியன் கவலைப்படவில்லை. அந்த இடத்தில் முட்டையிலிருந்து ஒன்பது வரை ஏதாவது ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் ஏ முதல் எஃப் வரை ஒன்று. மொத்தம் பதினாறு. பதினாறையும் போட்டுப் பார்த்துவிடலாம், பெட்டி கிழடு என்பதால் ஒவ்வொன்றுக்கும் அஞ்சு நிமிஷம் பிடிக்கும் என்றான். நாளைக்கு வருகிறேன், பதினாறையும் வரிசையாக ஒரு தாளில் எழுதிவையுங்கள், பார்த்துப் பார்த்து அடிக்கிறேன் என்று போய்விட்டான்.

தீனதயாளன் தாள் எடுத்து உட்கார்ந்தார். சும்மா எழுதுவாரா? கூட்டிக் கூட்டி எழுதினார். எழுத்துகளுக்கும் அவர் புத்தகத்தில் மதிப்பு உண்டு, ஏ ஒன்று, பி இரண்டு என்று. பொட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற பதினொன்றும் சேர்ந்து முப்பத்தேழு. நல்லது தருகிற எண்ணை முதலில் வைத்தார், சுமாரானதைப் பின்னால் வைத்தார். பதினாறில் ஒன்றே ஒன்று தொல்லை கொடுத்தது. பொட்டின் இடத்தில் ஏழைப் போட்டால் மொத்தம் நாற்பத்துநாலு. நாலும் நாலும் எட்டு.

பேனா அங்கே நின்றது. பதினாலு வருஷமாக எத்தனை கல்யாணத்தை நடத்தி வைத்த பெட்டி! அதன் நெற்றியில் எட்டா இருக்கும்? இருக்கவே இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இல்லாததை எதற்கு எழுதி, அந்தப் பையனுக்கு எதற்கு அஞ்சு நிமிஷ வேலை? தாளை மடித்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இளஞ்செழியன் வந்து உட்கார்ந்தான். அம்சவள்ளி அறையின் மூலையில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அவன் அடித்து, கார்டை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, புரோகிராமைத் தொட்டு, ‘இது பதிவு செய்த கணினி அல்ல’ என்று அது முறைக்கும்போதும், அவள் ஒரு புளியங்கொட்டையைத் தனியே ஓரமாகத் தள்ளிவைத்தாள். ஐந்து கொட்டை. எட்டு கொட்டை. டீ வந்தது. பன்னிரண்டு கொட்டை. தீனதயாளனுக்கு வேர்த்தது. கடைசி வரியையும் அடித்தான். பெட்டி முறைத்தது.

இளஞ்செழியன் கையை உதறினான். வேறு ஏதோ ஒரு எழுத்தையும் தப்பாகப் படித்திருக்கிறோம், அப்படியானால் கணக்கு எங்கேயோ போய்விடும், சங்கராபுரத்தில் ஒரு வேலை இருக்கிறது, நான் கிளம்புகிறேன் என்றான். ராஜாம்பாளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றான். தீனதயாளன் சரி என்று தலையாட்டினார். ஆனால் அவர் கண் தாளின் மேலேயே இருந்தது. ராஜாம்பாள் அந்த வாசற்படியில் உட்கார்ந்த உட்கார்வு மனசில் ஒரு பக்கம், எட்டு ஒரு பக்கம்.

“செழியா, எத்தினின்னு சொன்ன நேத்து?” அம்சவள்ளி புளி தட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

“பதினாறு அத்த.”

“இங்க பதினஞ்சுதான் இருக்குது.”

இளஞ்செழியன் தாளை எண்ணினான். பதினைந்துதான். மாமனைப் பார்த்தான். தீனதயாளன் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.

“இன்னாத்த வுட்டீங்க?” என்றாள் அம்சவள்ளி.

“ஏழு.”

“ஏன்?”

“ஏழு போட்டா... கூட்டுனா எட்டு வருது.”

அம்சவள்ளி சொன்னாள்: “எட்டு வந்தா இன்னா, வாசல்ல நின்னு சோறா கேக்கப்போவுது? போடு செழியா.”

போட்டான். கார்டை நிறுத்தினான், ஓடவிட்டான். புரோகிராமைத் தொட்டான். பெட்டி வழக்கம்போல் கொஞ்சம் யோசித்தது. பிறகு மஞ்சள் பிள்ளையார் ஒருவர் திரையில் தோன்றினார், மணிச் சத்தம் கேட்டது. பதினாலு வருஷமாக ஒவ்வொரு காலையும் கேட்ட அதே மணி. தீனதயாளன் கைகூப்பினார். பிள்ளையாருக்கா, ஏழுக்கா என்று அவருக்கே தெரியவில்லை. அம்சவள்ளி பதினாறாவது கொட்டையை எடுத்து வரிசையில் வைத்துவிட்டு, புளியை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சுபஸ்ரீ கிடைத்தாள். பிறந்த இடம், கல்வராயன் மலைப்பாதை, மூன்றாம் வளைவு. நேரம், பகல் இரண்டு மணி நாற்பத்தேழு நிமிஷம். கண்டக்டர் அல்லவா, நிமிஷம் பிசகவில்லை. ராசுவின் ஜாதகத்தோடு வைத்துப் பார்த்ததில் பத்துக்கு ஏழு பொருத்தம். தாலிக்கு உறுதி சொல்கிற ரஜ்ஜு இருக்கிறது. வேறு என்ன வேண்டும்? சிரித்துக்கொண்டே திரையின் மேல்வரியைப் பார்த்த தீனதயாளனின் சிரிப்பு பாதியில் நின்றது. தேதி இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு.

காசியம்மாள் ஜாதகக் கட்டத்தைப் படிக்கமாட்டாள். ஆனால் தேதியைக் கூட்டத் தெரியும். கூட்டக் கற்றுக்கொடுத்ததே இந்தத் தம்பிதான். ஒரு மொபெட்டையே எட்டென்று வாசலைவிட்டு விரட்டினவள், மருமகளை உள்ளே விடுவாளா?

வெள்ளிக்கிழமை காலை, அச்செடுக்கும் முன், தீனதயாளன் திரைக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தேதிக் கட்டத்தில் குச்சி ஒன்று மின்னி மின்னி நின்றது. நேற்று பார்த்த காலிக் கட்டம் மாதிரிதான் இதுவும். என்ன அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். டிக்கெட்டைக் கரையான் தின்றாயிற்று. அம்சவள்ளி காப்பி கொண்டுவந்தாள்.

“ஒரே ஒரு நாளு தள்ளிப் போட்டா இருவத்தேழு. ஒம்போது. செவ்வாய்க்கு உள்ளது. கார்டுக்கே நம்பர் மாத்தியாச்சு...” என்று இழுத்தார்.

அவள் டம்ளரை வைத்தாள். “கார்டுக்குப் போட்டது அந்தச் செத்த கார்டோட நம்பரு. தாத்தா பேர எடுத்துப் பேரனுக்கு வெச்ச மாதிரி. இவளுக்குப் போடப்போறீங்களே, இது யாரு வூட்டுத் தேதி?”

தீனதயாளன் காப்பியைக் குடித்தார். இருபத்தாறையே அச்செடுத்தார்.

பத்தரைக்குக் காசியம்மாள் வந்தாள், பின்னாலேயே ராசு. ராஜாம்பாள் அதற்கு முன்பே வந்து சுவரோரம் நின்றிருந்தாள், எவ்வளவு சொல்லியும் நாற்காலியில் உட்காரவில்லை. ஏழு பொருத்தம் என்றதும் காசியம்மாள் முகம் மலர்ந்தது. தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். விரல் மடங்கியது. ராசு அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தீனா, இது இன்னா, எட்டு?”

“எட்டுதான் யக்கா.”

“எட்டு வூட்டு வாசல்லயே நிக்கக்கூடாதுன்னு சொன்னது யாரு?”

தீனதயாளன் எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கம்ப்யூட்டரின் ஜாதகத்தை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். பொட்டுக்குள் ஏழு என்று புதுப் பேனாவால் எழுதியிருந்தது. நடந்ததை ஒன்றையும் விடாமல் சொன்னார். தாளில் ஏழு எழுதாமல் மறைத்ததையும் சொன்னார். அவள் பெரிய மகளுக்குப் பொருத்தம் பார்த்தது இந்தப் பெட்டிதான். சங்கராபுரத்து அக்கா மகளுக்கும் இதுதான். பதினாலு வருஷம் இந்த வீட்டில் உலை கொதித்தது இதனால்தான். “எல்லாம் எட்டு போட்ட சோறு யக்கா. எனக்கே நேத்துதான் தெரியும்.”

காசியம்மாள் நம்பவில்லை. முட்டை முட்டை ஒன்று என்று தானே விரல்விட்டுக் கூட்டினாள். எழுத்து வந்த இடத்தில் மட்டும் தம்பி மதிப்புச் சொன்னார். நாற்பத்துநாலு வந்தது. மறுபடியும் கூட்டினாள். மறுபடியும் நாற்பத்துநாலு. பெரிய மகள் வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கம்ப்யூட்டரின் ஜாதகத்தைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு சுபஸ்ரீயின் தாளை மடித்து ராஜாம்பாள் கையில் வைத்தாள்.

“பத்தரமா வெச்சிக்க சம்பந்தி. இந்தத் தடவ டிரங்குப் பொட்டியில வெக்காத.”

ராஜாம்பாள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ராசு போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான், மலைமேல் சிக்னல் கிடைத்ததோ இல்லையோ. தீனதயாளன் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே காசியம்மாள் இவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப எம் மொபெட்டு?”

வண்டியைத் திருப்பி வாங்கிக் கொடுக்காமல் கல்யாணத்துக்கு வராதே என்றாள். தீனதயாளன் மூன்று தடவை கொளஞ்சியப்பன் வீட்டுக்கு நடந்தார். கொளஞ்சியப்பன் மூன்று தடவையும் மோர் கொடுத்தார், வண்டியைக் கொடுக்கவில்லை. இருபது வருஷமாகக் கூடவே உழைத்த வண்டி, வீட்டில் ஒருத்தி மாதிரி என்று சொல்லிவிட்டார்.

ஆவணியில் ரிஷிவந்தியத்தில் கல்யாணம். தீனதயாளன் அழைப்பில்லாத ஆள் மாதிரி பந்தலின் ஓரத்தில் ஒதுங்கி நின்றார். கள்ளக்குறிச்சியிலிருந்து கிடைத்த முதல் பஸ்ஸில், நம்பரைப் பார்க்காமல் ஏறி, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்திருந்தார். மேளம் கொட்டுகிற சமயத்தில் தெருமுனையில் டபடபவென்று ஒரு சத்தம். கொளஞ்சியப்பன், பின்னால் ஒரு மூட்டை காய்கறியும் கட்டிக்கொண்டு, நேரே பந்தல் வாசலில் கொண்டுவந்து வண்டியை நிறுத்தினார். காசியம்மாள் மணவறைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பந்தலைச் சுற்றித் தேடி, தம்பியைக் கண்டுபிடித்து, அவரைத்தான் முறைத்தாள். அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.